மலையூரில் ஒரு கடல்

கடலைக் காண விரும்புவோர் மலையிலிருந்து இறங்கிச் செல்வதே உலக வழக்கம். கடலைக் காண்பதற்காக மலை ஏறிய அநுபவம் எமக்குச் சென்ற ஆண்டு வாய்த்தது. அதுவும் வெறும் காட்சிக்காக அன்று. நோயுற்ற ஒரு பவளத்தை நலம் விசாரிப்பதற்காக!

இரத்தினபுரியில் ஒரு சனிக்கிழமை காலை பஸ் வண்டி ஏறினோம். இரத்தினக் குழிகளின் மண்மேடுகளையும் வயல்வெளிகளையும் கடந்து, பெல்மதுளை, ஓப்பநாயக்க வழியாக 40 கிலோமீற்றருக்கு மேல் சென்றால் பலாங்கொடை. இறப்பர் மரங்கள் குறைந்து தேயிலைச் செடிகள் பெருகும்போதே நாம் உயர ஏறிவிட்டோம் என்பது புலனாகும். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே மலைச்சுவர், தெற்கே வளவை கங்கை இறங்கிச் செல்லும் சரிவு.

இம்மலைப் பகுதிக்கும் கடலுக்கும் உள்ள உறவு பழையது. மாணவர் தம் சரித்திர நூலிற் படிக்கும் ‘பலாங்கொடை மனிதன்’ கற்காலத்தவன். குருவிற்றைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென குகையில் அக்காலத்தவர் விட்டுச் சென்ற பொருள்களிடையே கடற்சிப்பியாற் செய்த மணிகளும் கிடைத்தன. 1881இல் இலங்கைக்கு வந்த ஜெர்மானிய உயிரியல் அறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல், காலியிற் பவளங்களை ஆராய்ந்த பின், அடுத்த ஆண்டு பெலிஹுல் ஓயாவிலிருந்து இவ்வழியாகவே இரத்தினபுரிக்கு இறங்கினார். ஆயினும் உயிருள்ள பவளத்தை இங்கே வீட்டில் வைத்து வளர்த்தவர் எம் நண்பர் ஒருவரே என்று எண்ணுகிறோம்.

அவர் தோட்ட வைத்தியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கொழும்பிலுள்ள மகன் 150 இலிற்றர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்து, விற்பனைக்குக் கிடைக்கும் கடலுப்பைக் கரைத்து, விளக்கும் நீரோட்டப் பொறியும் பூட்டிக் கொடுத்திருந்தார். அதனுள் கோமாளி மீன் இரண்டு, சில நத்தைகள், ஒரு தோற்பவளம். அந்தப் பவளம் கடலிற் பறித்ததன்று. வேறோர் அன்பர் தம் தொட்டியில் வளர்த்ததிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டு.

பவளம் கல்லுமன்று, செடியுமன்று, அது விலங்கு. சிறு வாய்களும் விரல் போன்ற கைகளும் உடைய நுண்ணுயிர்கள் பல கூடி வாழும் ஒரு குடும்பம். அதன் தசைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்துத் தம் வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கின்றன. தோற்பவளம் கல்லாய் இறுகாத இனம். நலமாயிருக்கையில் காளான் குடையின் மேல் பூ விரிந்தாற்போல் இருக்கும். நாம் கண்டபோது அக்குடை சுருங்கி, ஓரம் தொங்கி, ஓரிடத்தில் கறுத்திருந்தது.

“பதினைந்து நாளாய் இப்படித்தான், தம்பி. முதலில் தோலுரிக்கிறது என்று நினைத்தேன்” என்றார் வைத்தியர்.

அவர் நினைத்ததிற் பிழையில்லை. தோற்பவளம் இடையிடையே கைகளை உள்ளிழுத்துக்கொண்டு மெழுகு போன்ற மேற்படலத்தை உரித்துவிடும். சில நாளில் தானாகவே மலரும். அதனை நோயென்று எண்ணி மருந்து ஊற்றிக் கெடுப்போர் பலர். ஆனால் பதினைந்து நாள் நீண்டதும் ஓரம் கறுத்ததும் இது வேறு என்று காட்டின.

பிணியாளரை விசாரிக்கும் முறையிலேயே அவர் தொட்டியை விசாரித்திருந்தார். உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 பங்கு, கடலில் உள்ளதே. வெப்பம் 26 பாகை, நன்று. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா இல்லை. விளக்கிலும் குறையில்லை. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதியிருந்தார். அதே கொப்பியில் ஒரு மூலையில், ‘நத்தை 2 இறந்தது’, ‘நத்தை 3’ என்று இருந்தது. மீன்களோ துள்ளி விளையாடின.

மீன் நலமாயிருக்க, நத்தையும் பவளமும் மாத்திரம் மடிவானேன்? முதுகெலும்பில்லாத கடலுயிர்களுக்குச் செம்பு கொடிய நஞ்சு. மீன் தாங்கும் அளவை அவை தாங்கா. செம்பைச் சோதிக்கும் துளிமருந்து அவரிடம் இல்லை; மகனுக்குத் தொலைபேசியிற் சொல்ல, மறுநாட் காலை அவர் கொண்டுவந்து சேர்த்தார். தொட்டி நீரில் மருந்துத் துளி விழுந்ததும் நிறம் மாறியது. செம்பு இருந்தது.

“தோட்டத்திலிருந்துதான் வந்திருக்கும்” என்றார் வைத்தியர், சற்றுக் கோபத்துடன். அவர் ஐயம் காரணமற்றதன்று. தேயிலையைத் தாக்கும் கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்தது. அதற்குத் தெளிக்கும் மருந்துகளிற் செம்பு கலந்தவை உண்டு. வீட்டுக் குழாய்க்கு நீர் வருவதோ தேயிலை மலைக்குக் கீழ் ஓடும் ஓடையிலிருந்து. நாமும் தலையசைத்தோம்.

ஆயினும் அவர் பழைய வைத்தியர். ஐயத்தின்மேல் மருந்து எழுதாதவர். ஓடை நீர் பத்து இலிற்றரை எடுத்து ஒரு இலிற்றராகும் வரை எவர்சில்வர் அண்டாவிற் காய்ச்சினார். சிறிது செம்பு இருந்தாலும் பத்து மடங்கு செறிந்து தெரியுமன்றோ! நிறம் மாறவில்லை. குழாய் நீரையும் அவ்வாறே செய்தார், மாறவில்லை. தோட்டத்தின் மேல் நாம் சுமத்திய பழி எமக்கே வெட்கமாயிற்று.

அப்பொழுது அவருடைய மனைவியார் தேநீருடன் வந்தார். தொட்டி நீர் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு இலிற்றர் ஆவியாகப் போகும், உப்பு போகாது, ஆகையால் நல்ல நீரையே ஊற்றி நிரப்பவேண்டும். அந்தப் பணி அம்மையாருடையது. “எந்த நீர் அம்மா ஊற்றுகிறீர்கள்?” என்று கேட்டோம். மழைக்காலத்திற் குழாய் நீர் கலங்கி வருவதால், இரண்டு மாதமாகச் செப்புக் குடத்தில் இரவு முழுதும் தெளியவைத்து ஊற்றுவதாகக் கூறினார். குடத்து நீரைக் காய்ச்ச வேண்டியிருக்கவில்லை. துளி விழுந்ததுமே நிறம் மாறியது.

ஆவியாவது நீர் மட்டுமே. நாள்தோறும் குடத்திலிருந்து வந்த செம்பு அங்கேயே தங்கிப் பெருகியது. குடிநீரில் இலிற்றருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை மனிதர்க்குத் தீங்கில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பவளத்தின் இனப்பெருக்கத்தைக் கெடுக்க அதில் நூறில் ஒரு பங்கே போதும்.

“நல்லது என்று நினைத்துத்தானே, தம்பி, ஊற்றினேன்” என்றார் அம்மையார். அவர் கண் கலங்கிற்று. வைத்தியர் ஒன்றும் சொல்லாமல் கொப்பியில் ஏதோ எழுதினார். பின்னர், “நானும் அந்தக் குடத்து நீரைத்தான் குடிக்கிறேன், எனக்கு நன்றாய்த்தான் இருக்கிறது” என்று சிரித்தார். வீடும் சிரித்தது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயோடு அதன் காரணத்தையும் தேடச் சொல்கிறது. காரணம் தெரிந்தபின் சிகிச்சை எளிதாயிற்று. தகரக் கூரையிலிருந்து வழியும் நீரில் நாகம் கலந்திருக்கலாம் என்பதால், முற்றத்திற் பிளாஸ்டிக் விரிப்புக் கட்டி மழைநீர் பிடித்தார்கள். அதில் உப்பைக் கரைத்துப் பொறியால் ஒரு நாள் கலக்கி, வெப்பமும் உப்பும் பழைய அளவுக்கு வந்ததும், பவளத்தின் கறுத்த ஓரத்தைக் கூரிய அலகால் வெட்டி நீக்கி, சிறு தொட்டிக்கு மாற்றினார்கள். பெரிய தொட்டிக்குக் கரி வடிகட்டியும் செம்பை உறிஞ்சும் பொருளும் இட்டு, நீரைப் பலமுறை மாற்றினார்கள். கல்லிலும் மணலிலும் ஊறிய செம்பு பின்னர் மெல்லக் கசியும். ஆதலால் மணலை முழுதும் அகற்றினார்கள்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் சென்றோம். குடையின் ஒரு பாதியில் கைகள் விரிந்து நீரில் அசைந்தன. மறு பாதி இன்னும் மூடியே இருந்தது. “பாதிப் பிணியாளர்” என்றார் வைத்தியர். பெரிய தொட்டியில் இரண்டு நத்தைகளை விட்டிருந்தார். அவை பிழைத்தாலே பவளம் திரும்பும் என்பது அவர் கட்டளை.

திரும்பும் வழியில் எம் மனம் ஹிக்கடுவைக்குச் சென்றது. அங்குள்ள பவளப் பாறை 1979இல் சரணாலயமாகவும் 2002இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. ஆயினும் 1998இற் கடல் நீர் சூடேறியபோது அங்குள்ள பவளங்கள் தம்முள் வாழ்ந்த பாசிகளை இழந்து வெளுத்தன, பெரும்பகுதி மடிந்தது. பலாங்கொடைப் பவளத்துக்கு மாற்றித் தங்க இன்னொரு தொட்டி இருந்தது. கடலுக்கு இன்னொரு கடல் ஏது?

வளவை கங்கை பலாங்கொடை மலைச்சரிவின் நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு அம்பலாந்தோட்டையிற் கடலோடு கலக்கிறது. மலையில் இருப்போரும் கடலுக்கு நாள்தோறும் ஒரு குடம் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் குடத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.