மேளம் வாசிக்காத ஊர்வலம்

எங்கள் ஊர் வேங்கிக்கால். "அது எங்கே?" என்று கேட்பவர்களுக்கு, "திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம்" என்றால் உடனே புரிந்துவிடும். வேலூர் ரோட்டில் டவுனை விட்டு வெளியே வந்ததும் நாங்கள்தான். பஸ்ஸில் மனுவும் கையுமாக வருகிறவர்கள் இறங்குவார்கள், வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். ஊரைப் பார்க்க என்று யாரும் வருவதில்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது மலை தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது ஈரத் துணி காய்ந்ததா என்பதுதான் கவலை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தைப்பூசத்தன்று சின்னவள் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவளுக்கு அப்போது எட்டு வயது. பெரியவன் ஏழாம் வகுப்பு.

தைப்பூசத்துக்கு அண்ணாமலையார் ஈசான்ய குளத்துக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். எங்களுக்குப் பக்கம்தான் என்று மாமியாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வரும்போது நாதசுரமும் தவிலும் அமர்க்களப்பட்டன. தீர்த்தவாரி முடிந்து ஸ்வாமி திரும்பும்போது ஒரு சத்தமும் இல்லை. மேளக்காரர்கள் வாத்தியங்களைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நடந்தார்கள்.

"ஏம்மா வாசிக்கல? காசு குடுக்கலயா?" என்றாள் சின்னவள்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமியார்தான், "வாய மூடுடி. சாமிக்குத் துக்கச் செய்தி வந்திருக்கு. அப்பா செத்துட்டாரு" என்றார்.

"சாமிக்கு அப்பாவா?"

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாமியார் கதை சொன்னார். வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை. கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லாத ராஜா. ஒரு நாள் சிவனே அடியார் வேஷத்தில் வந்து சோதித்தார். (என்ன சோதனை என்பதை மாமியார் சாமர்த்தியமாக விழுங்கிவிட்டார். அருணாசல புராணம் படித்தவர்களுக்குத் தெரியும், அது பிள்ளைகளுக்குச் சொல்கிற இடமில்லை!) கடைசியில் இளையராணி சல்லமாதேவியின் கையில் ஸ்வாமி குழந்தையாகக் கிடந்தார். "நானே உனக்குப் பிள்ளை, உன் கருமத்தை நானே செய்வேன்" என்று வாக்குக் கொடுத்தார். அதனால்தான் தைப்பூசத்தில் ராஜா யுத்தத்தில் மாண்ட செய்தி ஸ்வாமிக்குச் சொல்லப்படுகிறது. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கரைக்குப் போய் ஸ்வாமி திதி கொடுத்துவிட்டு வருகிறார்.

சின்னவள் கண் கலங்கக் கேட்டாள். பெரியவன் மட்டும், "இதெல்லாம் புராணம் பாட்டி. ஹிஸ்டரி வேற" என்று புத்தகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வரலாறு என்றால் அவனுக்கு வருஷங்களின் பட்டியல். அரையாண்டில் வாங்கிய மார்க்கை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மறுநாள் அவன் புத்தகத்தை நானே எடுத்துப் புரட்டினேன். இடைக்காலம் என்ற பகுதியில் டில்லி சுல்தான்கள், பிற்காலச் சோழர், விஜயநகரம் எல்லாம் வரிசையாக இருந்தன. வீட்டு வாசலில் போன ஊர்வலத்துக்கும் இந்தப் பக்கங்களுக்கும் சம்பந்தமே இல்லாதது போலத்தான் எனக்கும் தோன்றியது. நூலகத்தில் நீலகண்ட சாஸ்திரியாரின் தென்னிந்திய வரலாற்றை எடுத்துவந்து படித்த பிறகுதான் ஆச்சரியம். வல்லாள மகாராஜா நிஜம்! ஹொய்சள அரசர் மூன்றாம் வீர வல்லாளர். கர்நாடகத்தில் இன்று ஹளேபீடு என்கிறோமே, அந்த துவாரசமுத்திரம்தான் அவர் ஊர். 1311-ல் டில்லியிலிருந்து மாலிக் காஃபூரின் படை அங்கே வந்தது. அடுத்தடுத்து வந்த தொல்லைகளால், 1328 வாக்கில் அவர் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டு இங்கிருந்தே ஆண்டார்.

"நம்ம ஊரு தலைநகரமா இருந்ததா?" என்று பெரியவன் எழுந்து உட்கார்ந்தான். "அப்போ கலெக்டர் ஆபீஸ்?"

"ராஜாவே கலெக்டர்" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டோம். சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: குழந்தைகளோடு போனால் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் கருங்கல் தரையில் பிஞ்சுப் பாதம் பொறுக்காது. பௌர்ணமியன்று வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்றும் கிளம்பாதீர்கள். ஒரு நடைக்கு ஒரு கோபுரம் போதும், மீதி நேரம் பிரகாரத்தில் ஓடட்டும். நாங்கள் அன்று பார்த்தது ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் வல்லாள கோபுரம் மட்டும். அங்கே ராஜாவின் சிலை இருக்கிறது. கிழக்கு ராஜகோபுரம் 217 அடி, பதினோரு நிலை. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கியது, அவருடைய கல்வெட்டு 1516-ஆம் ஆண்டுக்குரியது. தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. வடக்கே இருப்பது அம்மணியம்மன் கோபுரம், ஒரு பெண் துறவி வீடு வீடாகப் போய்த் திரட்டிய பணத்தில் எழுந்தது. அது பிந்தைய காலம், அந்தக் கதை வேறு நாளைக்கு.

"கிருஷ்ணதேவராயர் முன்னாடியா, வல்லாளர் முன்னாடியா?" என்று சின்னவள் கேட்க, எனக்கு என் தையல் டேப் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் விரித்தேன். ஓர் அங்குலம் பத்து வருஷம். பூஜ்யம் இன்று. எட்டாவது அங்குலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நம் சுதந்திரம். அதை ஒட்டிப் பாட்டி பிறந்தது. பாட்டிக்கு ஒரே பெருமை! ஐம்பத்தோராவது அங்குலத்தில் ராயர் கோபுரம். டேப் அறுபதோடு முடிந்துவிட்டது. வல்லாளர் காலமான இடம் வரவில்லை. பெரியவன் தன் ஸ்கேலை ஒட்டிவைத்து எட்டு அங்குலம் தள்ளிப் புள்ளி வைத்தான்.

"இன்னும் பழசு இருக்கா?" என்றான்.

இருந்தது. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய 1400 வருஷம். மாடு பிடிச் சண்டையில் இறந்த ஒரு வீரனுக்காக எடுத்தது. கல்லில் அவனுக்குப் பின்னால் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு எஜமானுக்குக் காவல் நின்றதாம். இதுபோன்ற கற்களைத் தொகுத்துத் தமிழகத் தொல்லியல் துறை 1972-லேயே 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகம் போட்டிருக்கிறது. நாய்க்குப் பெயர் எழுதிவைத்த கல் என்றதும் பிள்ளைகளின் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு டேப் நீளத்துக்கு மேல் இருபது அங்குலம் போய், கோவிவன் வாசற்படிக்கு வந்துவிட்டான். இன்றைக்கும் எங்கள் தெரு நாய்க்கு அதுதான் பெயர்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ராஜா எப்படி இறந்தார் என்று சொன்னேனே, அங்கேதான் சறுக்கினேன்.

மதுரையில் அப்போது சுல்தான்கள் ஆட்சி. திருச்சிக்குப் பக்கத்தில் கண்ணனூர்க் கோட்டையை வல்லாளர் முற்றுகையிட்டிருந்தார். 1342 வாக்கில் நடந்தது. உள்ளே இருந்தவர்கள் சுல்தானைக் கலந்துகொள்ள அவகாசம் கேட்டார்கள், அவரும் கொடுத்தார். அந்த நம்பிக்கையில் பாசறை அசந்திருந்த நேரம் பார்த்து சுல்தான் கியாஸுத்தீன் படையோடு வந்து விழுந்தார். எண்பது வயதுக் கிழவர் குதிரை ஏறப்போகும்போது பிடிபட்டார். விட்டுவிடுவதாகச் சொல்லி யானை, குதிரை, பொருள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பிறகு கொன்றார்கள். தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். சின்னவள் தூங்கிய பிறகு பெரியவனுக்கு மட்டும் இதைச் சொன்னேன். சுருக்கமாக இருக்கட்டும் என்று, "அவங்க வந்தாங்க, நம்ம ராஜாவைக் கொன்னாங்க" என்று முடித்துவிட்டேன்.

மறுநாள் சாயந்திரம் எதிர்வீட்டுப் பையன் பேட்டோடு வந்து வாசலில் நின்றான். இவன் போகவில்லை. "தலைவலி" என்றான். இரண்டாம் நாளும் தலைவலி. மூன்றாம் நாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னடா ஆச்சு?" என்றேன்.

"அவங்க ஆளுங்கதானே நம்ம ராஜாவ தோலுரிச்சாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்வீட்டில் இருப்பது ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த அம்மாளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சின்னவள் பிறந்தபோது பத்தியச் சமையல் செய்து கொடுத்தவர் அவர். பிள்ளைகள் இரண்டும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவை. 'அவங்க', 'நம்ம' என்று நான் அவசரத்தில் சொன்ன இரண்டு வார்த்தைகள்தான் அவன் காதில் நின்றிருக்கின்றன. ராத்திரி முழுதும் தூக்கமில்லை. நடந்ததை நடக்கவில்லை என்று மாற்றிச் சொல்வதா? அதற்கும் மனம் வரவில்லை. பிள்ளைக்குப் பொய் சொன்னால், என்றைக்காவது அவனே படித்துத் தெரிந்துகொண்டு நம்மையே நம்பாமல் போய்விடுவான்.

மறுபடி நூலகத்துக்கு ஓடினேன். இந்தச் செய்தியை எழுதிவைத்தவர் யார் என்று தேடினால், இப்னு பதூதா! பெரியவன் பாடத்தில் வரும் அதே மொராக்கோ நாட்டு யாத்ரீகர். அந்தச் சமயம் மதுரைக்கு வந்திருந்தார், மதிலில் தொங்கியதைக் கண்ணால் பார்த்தார். அவரும் முஸ்லிம்தான். அது மட்டுமா? சுல்தான் கியாஸுத்தீனுக்கும் இவருக்கும் மனைவிமார் அக்காள் தங்கைகள். அதாவது இருவரும் சகலைகள்! சிறைப்பட்டவர்களின் பெண்டு பிள்ளைகளையும் அந்த சுல்தான் கொன்றதைப் பார்த்து, வேறெந்த அரசனும் செய்து தான் அறியாத கொடுமை இது, இதனால்தான் கடவுள் அவனைச் சீக்கிரம் கொண்டுபோனார் என்று சகலையைப் பற்றியே எழுதியிருக்கிறார். இன்னொன்றும் எழுதியிருக்கிறார். வல்லாளரின் படையில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள், கூடவே இருபதாயிரம் முஸ்லிம்களும் இருந்தார்களாம்.

இதைச் சொன்னபோது பெரியவன் சப்பாத்தியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தான்.

"இருபதாயிரம் பேர் ராஜா பக்கமா?"

"ஆமாம். அந்த மதுரை சுல்தான் வம்சமே டில்லி சுல்தானை எதிர்த்துப் பிரிஞ்சு வந்ததுதான்."

"அப்புறம் மதுரைய யாரு ஜெயிச்சாங்க?"

விஜயநகரத்து இளவரசர் கம்பணர். அவருடைய மனைவி கங்காதேவி அந்தப் படையெடுப்பை சம்ஸ்கிருதத்தில் காவியமாகவே பாடிவிட்டாள். 'மதுரா விஜயம்' என்று பெயர். 1916-ல் திருவனந்தபுரத்தில் சுவடியாகக் கிடைத்தது. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் கணவனின் போரை எழுத்தில் வைத்தாள் என்றால் நமக்குப் பெருமைதானே? ஆனால் கம்பணர் மதுரைக்குப் போகுமுன் முதலில் யாரை அடித்தார் தெரியுமா? நம் பக்கத்துப் படைவீட்டு சம்புவராயரை. 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது 'திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்' என்று பெயர் வைத்தார்களே, அதே சம்புவராயர். பிறகு எல்லா மாவட்டங்களிலும் இப்படிப்பட்ட பெயர்களை எடுத்தபோது அதுவும் போயிற்று. மாமியார் பழைய ரேஷன் கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து காட்டினார், அதில் அந்தப் பெயர் அப்படியே இருந்தது.

பெரியவன் கார்டைப் பார்த்தான், டேப்பைப் பார்த்தான். "வல்லாளர் கன்னடக்காரர். கம்பணர் வேற ஊரு. சம்புவராயர் நம்ம மாவட்டம், அவரை கம்பணர் அடிச்சாரு. அப்போ இதுல நம்ம ஆளுங்க யாரும்மா?"

எனக்கு பதில் தெரியவில்லை. "சாப்பிடு, ஆறிப்போகுது" என்றேன்.

மறுநாள் தலைவலி இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மணிக்குத் தெருவில் பந்துச் சத்தம் கேட்டது, கூடவே எங்கள் ஜன்னல் கண்ணாடியும்.

மாசி மகத்துக்குப் பள்ளிகொண்டாப்பட்டு போனோம். புளியோதரை கட்டிக்கொண்டேன். எதிர்வீட்டு அக்கா, "எங்க பையனும் வரேன்னு அடம் பிடிக்கிறான்" என்று அனுப்பிவைத்தார். ஆற்றில் தண்ணீர் கொஞ்சம்தான், கூட்டம் நிறைய. கரையில் பெரியவன் அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "ராஜாவுக்குப் பிள்ளை இல்லடா. அதனால சாமியே வருஷா வருஷம் வந்து திதி குடுக்கறாரு."

"எங்க வீட்லயும் தாத்தாவுக்கு ஃபாத்திஹா ஓதுவாங்க" என்றான் அவன். "அன்னிக்குப் பாயசம் உண்டு. இங்க என்ன குடுப்பாங்க?"

"புளியோதரை" என்று சின்னவள் என் பையைக் காட்டினாள்.

போன வாரம் ரவிக்கை தைக்க டேப்பை எடுத்தேன். எட்டுக்குப் பக்கத்தில் 'பாட்டி' என்றும், ஐம்பத்தொன்றில் ஒரு கோபுரமும், முனையில் 'ராஜா இன்னும் 8' என்று ஓர் அம்புக்குறியும் பால்பேனாவில் எழுதியிருந்தன. சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும். அப்படியே சுருட்டி வைத்திருக்கிறேன்.