டிரையல் பேலன்ஸும் பித்தளை அச்சும்

பி.காம் படிக்கிற பையனுக்கு சிஎன்சி மிஷின்ல இன்னா வேலைன்னு கிளாஸ்ல ரெண்டு மூணு பேர் கேட்டாச்சு. அதுக்கான பதில்தான் இது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

ராணிப்பேட்டை, ஆம்பூர்னா தோலும் ஷூவும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அதை ஒட்டி பர்ஸ், பெல்ட்னு வீட்டுலேயே சின்னதா செய்றவங்களும் உண்டு. சோளிங்கர்ல எங்க மாமா அந்த ரகம். பர்ஸ் மேல கடைப்பேர் பதிக்க பித்தளையில அச்சு வேணும். எழுத்து மேடா நிக்கும், சுத்தி இருக்கறதெல்லாம் செதுக்கி எடுத்திருக்கும். சூடு பண்ணி அழுத்தினா தோல்ல பேர் பதியும். இதை நாமளே செதுக்கலாம்னு 3018 ரகத்துல ஒரு குட்டி மிஷின் வாங்கினார். 300க்கு 180 மி.மீ. இடம், ஆர்டுவினோ போர்டு, அதுக்குள்ள ஜிஆர்பிஎல்னு இலவச மென்பொருள்.

ஒரு ஜவுளிக்கடைக்கு தீபாவளிக்குள்ள 200 பர்ஸ் தரணும். தோல் வெட்டியாச்சு, முன்பணம் வாங்கி செலவும் பண்ணியாச்சு. அச்சு வந்து நிக்குது, கடைப்பேர்ல இருந்த ‘ளி’க்கு நடுவுல ஒரு கோடு. மாமா கேட்டார், "இன்னாடா மாப்ள இது, பூரான் ஓடின மாதிரி கீது?"

மிஷின் தெரிஞ்சவங்க உடனே ஸ்குருவை முறுக்க ஆரம்பிப்பாங்க. எனக்குத் தெரிஞ்சது கணக்கு. டிரையல் பேலன்ஸ் இடிச்சா நாங்க முதல்ல லெட்ஜரைப் புரட்ட மாட்டோம், வித்தியாசத்தை வகுத்துப் பார்ப்போம். 9ஆல வகுபட்டா 54ஐ 45னு எழுதின மாதிரி இலக்கம் இடம் மாறியிருக்கலாம். வித்தியாசத்துல பாதித் தொகை எங்கயாவது இருந்தா பற்று வரவுல பக்கம் மாறி விழுந்திருக்கலாம். எத்தனை தப்புன்றதே என்ன தப்புன்னு பாதி சொல்லிடும்.

மிஷினுக்கும் இதே வைத்தியம்தான். வெர்னியரை வெச்சு அளந்துட்டு வகுக்கணும். 25.4 மடங்கு வித்தியாசம்னா இஞ்ச், மில்லிமீட்டர் குழப்பம்: ஜி20, ஜி21 பாருங்க. சரியா இரட்டிப்பா வந்தா ஸ்டெப் கணக்கு. 200 ஸ்டெப் மோட்டார், 16 மைக்ரோஸ்டெப், ஒரு சுத்துக்கு 4 மி.மீ. நகர்ற ஸ்குரு, 3200ஐ 4ஆல வகுத்தா மி.மீ.க்கு 800. ஸ்குரு நிஜத்துல 8 மி.மீ. நகர்றதா இருந்தா எல்லாமே ரெண்டு மடங்காயிடும். எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்தது: வெளி அளவு 0.1 கூடி, உள் ஓட்டை அதே 0.1 குறைஞ்சா, மிஷின் மேல பழியே இல்லை. 1 மி.மீ.னு சொல்லி வாங்கின கட்டர் நிஜத்துல 0.9. வேலை முடிஞ்சு பூஜ்யத்துக்குத் திரும்பச் சொன்னா முள் ஆரம்பிச்ச புள்ளியில நிக்கலையா? மோட்டார் ஸ்டெப்பை விட்டிருக்கு. கப்ளிங் ஸ்குரு லூசா இருக்கும், இல்லைன்னா பித்தளையில ஓவர் வேகம்.

எங்க ‘ளி’ இதுல எதுலயும் அடங்கலை. அளவெல்லாம் சரி, பூஜ்யமும் சரி. பேரைச் சுத்தி இருந்த 20 மி.மீ. ஆர வளைவு அழகா வந்திருக்கு, எழுத்தோட சுழி மட்டும் கெட்டுப்போச்சு. பெருசு பொழைச்சு சின்னது சாகுதுன்னா விகிதத்துல ஏதோ இருக்கு. லாக்கைத் திறந்தா வரிசையா எரர் 33.

ஒவ்வொரு வளைவுக்கும் ஆரம்பப் புள்ளியில இருந்து மையம் எவ்வளவு தூரம், முடிவுல இருந்து எவ்வளவு தூரம்னு ஜிஆர்பிஎல் சரிபார்க்கும். ரெண்டுக்கும் 0.005 மி.மீ. வரைக்கும் வித்தியாசம்னா கண்டுக்காது. அதைத் தாண்டி, ஆரத்துல 0.1 சதவீதத்தையும் தாண்டினா அந்த வரியை ஏத்துக்காது. ஜி-கோடு எழுதின போஸ்ட் பிராசசர் ரெண்டு தசம இடத்தோட ரவுண்ட் பண்ணியிருந்தது. அதனால 0.01 பிசகு வந்தா 20 மி.மீ. வளைவுக்குப் பரவாயில்லை, அதுக்கு 0.02 வரை அனுமதி. சுழியோட ஆரம் 0.4தான், பிசகு அங்க செல்லாது. ஆங்கில எழுத்துல இது அவ்வளவா மாட்டாது, நேர்கோடு ஜாஸ்தி. நம்ம தமிழ்ல எங்க திரும்பினாலும் சுழி!

கோடு எப்படி விழுந்ததுன்னா, வரிகளை அனுப்புற மென்பொருள்ல ‘பிழை வந்தா நிறுத்து’ன்ற வசதி வரும்போதே அணைஞ்சிருந்தது. வளைவை முழுங்கிட்டு, அடுத்த வரியில இருந்த புள்ளிக்கு எழுத்தைக் கிழிச்சுக்கிட்டு நேரா போயிடுச்சு.

தசமத்தை 4 ஆக்கி, அந்த வசதியையும் போட்டு, முதல்ல ஒரு மரத்துண்டுல ஓட்டினோம். சுழி முழுசா வந்தது. ராத்திரி பித்தளை. ஆர்டர் நாள் தவறாம போச்சு.

டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் சில தப்பு வெளிய வராதுன்னு முதல் வருஷமே சொல்லித் தருவாங்க இல்லையா? அச்சுல அது கண்ணாடிப் பிம்பம். எழுத்து இடவலமா திரும்பி இருக்கணும். திரும்பாம இருந்தாலும் எல்லா அளவும் கச்சிதமா வரும், எரரும் வராது. அதுக்குன்னே அத்தை சப்பாத்தி மாவு பிசையும்போது ஒரு உருண்டை வாங்கி, அச்சை அதுல அழுத்திப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் பிரஸ்ல மாட்டறோம். கேட்டா குடுத்துடறாங்க. ஆனா அந்த உருண்டையைத் திருப்பிக் குடுத்தா மட்டும் வாங்க மாட்டேங்கறாங்க.