இரண்டு அம்புக்குறிகள்

கியர் பாக்ஸ் மாற்றிய டிப்பர் நாற்பது கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஒழுங்காக ஓடியது. ஐம்பதைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம் கிளம்பும். அறுபதில் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரியும். நியூட்ரலில் போட்டு உருட்டிப் பார்த்தோம், நடுக்கம் நிற்கவில்லை. எஞ்சின் மேல் குற்றமில்லை, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்றுதான் என்று தெரிந்துபோயிற்று.

வண்டி என் அண்ணனுடையது. கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றுகிற குட்டைச் சேஸ் டிப்பர். பல் தேய்ந்த ஐந்து கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு, வேறொரு வண்டியின் ஆறு கியர் பெட்டியை மாட்டியிருந்தார். அது நீளம் கூடுதல். அதனால் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னால் நகர்த்தி வெல்டு வைத்து, பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டை வெட்டிக் குறைத்திருந்தார்கள். பேலன்ஸும் பார்த்தாகிவிட்டது. நாமக்கல்லில் எங்களுக்குப் பழக்கமான மேஸ்திரியிடம் கொண்டுபோனோம்.

"டயரா இருக்குமுங்களா?" என்றார் அண்ணன்.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. "ஜல்லி ஏத்திட்டு வாங்க. வெறும் வண்டியில அளந்தா கணக்கு தப்பிப்போயிரும்" என்று அனுப்பிவிட்டார். பாரம் ஏறியதும் பட்டை ஸ்பிரிங் அமுங்கும், பின் ஆக்சில் மேலே வரும், ஷாஃப்டின் சாய்வே மாறிவிடும். வண்டி ஓடப்போவது அந்த நிலையில்தானே.

திரும்பி வந்ததும், காந்தம் வைத்த சின்னக் கோணமானியோடு அடியில் படுத்தார். கியர் பாக்ஸின் வால் ஐந்தரை டிகிரி கீழே சாய்ந்திருந்தது. பின் ஆக்சிலில் இருக்கும் கிரௌனின் மூக்கு நாலு டிகிரி மேலே பார்த்தது.

"ஷாஃப்ட் நேரா இருந்தாத்தானேண்ணே நல்லது?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"நேரா இருக்கோணும்னு ஆரு சொன்னது தம்பி? நேரா இருந்தா கிராஸ்ல இருக்கற ஊசி பேரிங் உருளாது. நின்ன எடத்துலயே குத்திக் குழி பண்ணிப்போடும். சாய்வு கொஞ்சம் வேணும். ரெண்டு பக்கமும் ஒண்ணா வேணும்."

ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் யூ ஜாயின்ட்டின் குணம் அப்படி. ராபர்ட் ஹூக் 1676-இல் அதைப் பற்றி எழுதிய காலத்திலிருந்து அது மாறவில்லை. சாய்வாக மாட்டிய ஜாயின்ட்டில் முன்புறம் சீராகச் சுற்றினாலும், பின்புறம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். சாய்வு பத்து டிகிரி என்றால் வேகம் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் கூடிக் குறையும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் அறுபதில் போகும் லாரியில், கிரௌன் விகிதம் ஆறுக்கு ஒன்று என்றால், ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1,900 சுற்று சுற்றும். நொடிக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உதறல். முன் ஜாயின்ட் செய்கிற இந்தக் கோணலை, அதே அளவு சாய்ந்த பின் ஜாயின்ட் எதிர்த்திசையில் செய்து அழித்துவிடுகிறது. எனக்கு இது இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது. இரண்டில் எந்த ஜாயின்ட்டிலும் குறையை ஒழிக்கவில்லை. ஒன்றின் குறைக்கு இன்னொன்றின் குறையையே மருந்தாக வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வண்டியில் இரண்டு சாய்வுக்கும் ஒன்றரை டிகிரி வித்தியாசம்: ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குறுக்குச் சட்டம் தாழ்ந்திருந்தது. வெல்டை வெட்டி, மேலே தூக்கி, மறுபடி அளந்து வைப்பதற்கு ஒரு பகல் போயிற்று. ஓட்டிப் பார்த்தோம். நடுக்கம் பாதியாகியிருந்தது. எனக்கு அதுவே போதுமென்று தோன்றியது. மேஸ்திரிக்குப் போதவில்லை.

மறுபடி படுத்தவர், துணியால் ஷாஃப்டின் கிரீஸைத் துடைத்தார். ஷாஃப்ட் நீண்டு குறுக இடம்கொடுக்கும் ஸ்லிப் ஜாயின்ட்டில் ஒரு அம்புக்குறி, ஷாஃப்ட் குழாயில் ஒன்று. இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்; அப்போதுதான் ஒரு ஜாயின்ட்டின் கோணலை மற்றது சரியாக அழிக்கும். ஒரு பல் தள்ளி நின்றன. கோர்த்தவர் அழுக்குக்கு அடியில் பார்க்கவில்லை. கழற்றி, ஒரு பல் திருப்பி, கிரீஸ் அடித்து மாட்ட அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

இருட்டியபின் சேலம் சாலையில் அண்ணன் அறுபதில் ஓட்டினார், அறுபத்தைந்தில் ஓட்டினார். கண்ணாடியில் பின்னால் வந்த பஸ்ஸின் விளக்குகள் இரண்டாகவே இருந்தன, நான்காகவில்லை. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஸ்டியரிங்கை ஒரு தடவை தட்டினார்.

பட்டறைக்குத் திரும்பியதும் காசு கொடுக்கப் போனோம். மேஸ்திரி டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு மீண்டும் அடியில் நுழைந்தார். மஞ்சள் பெயின்ட்டைத் தொட்டு, இரண்டு அம்புக்குறிகளின் மேலும் தடித்த கோடு இழுத்தார்.

"அடுத்துக் கழட்டறவனுக்குத் தெரியோணுமில்ல" என்றார்.