கறுக்காத பாட்டில்

போன டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போனப்போ, துணிமணியைவிடப் பத்திரமாக நான் கொண்டுபோனது ஆறு சின்ன பாட்டில்கள். குடிநீரில் கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் முறைகளில் எது சிக்கனம், எது சுற்றுச்சூழலைக் கெடுக்காதது என்பதுதான் எங்கள் டீமின் மினி ப்ராஜெக்ட். எங்க வீடு குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீடு. ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியா தொட்டிக்கு வரும். டெஸ்ட் பண்ண வேறென்ன வேணும்?

பாட்டிலுக்குள் மருந்தில் ஊறிய காகிதத் துண்டு ஒன்று இருக்கும். 1982-ல் மஞ்சா, மௌரியா, ராவ் என்ற நம் நாட்டு ஆய்வாளர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்ட முறை இது. தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் போதும். மலக்கழிவு கலந்த தண்ணீரில் உள்ள சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். அது காகிதத்தில் உள்ள இரும்போடு சேர்ந்ததும் எல்லாம் கறுத்துவிடும். லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

மற்ற முறைகள் அப்படி இல்லை. மெம்பிரேன் ஃபில்டர் முறையில் மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்ப வேண்டும், ஒரு நாள் முழுக்க இன்குபேட்டர் ஓட வேண்டும், பிறகு பிளேட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். பி.சி.ஆர். சில மணி நேரத்தில் விடை சொல்லும். ஆனால் ரசாயனங்களுக்கு ஃப்ரீசர் வேண்டும், ஒவ்வொரு டெஸ்டுக்கும் பிளாஸ்டிக் டிப்புகள் குப்பைக்குப் போகும். குளோரினில் செத்துப்போன கிருமியின் டி.என்.ஏ.வையும் அது கணக்கில் சேர்க்கக்கூடும். அதனால் எங்கள் அட்டவணையில் காகித பாட்டிலுக்குத்தான் முதல் மார்க்.

மறுநாள் சாயங்காலம் 24 மணி நேரம் முடிந்தது. ஒரு பாட்டில்கூட கறுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, தண்ணி எப்படி?”

“கறுக்கலைக்கா. நல்ல தண்ணிதான்.”

“அப்போ பாப்பாவுக்குக் காய்ச்சாமலே குடுக்கலாமா? கேஸ் வேற தீரப்போகுது.”

“தாராளமா குடுங்கக்கா.”

தூக்கிப்போட சோம்பல்பட்டு பாட்டில்களை ஜன்னலோரமே விட்டிருந்தேன். அடுத்த நாள் ராத்திரி பார்த்தால் ஆறில் நாலு மை மாதிரி கறுத்திருந்தன. செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். பாப்பா ஒரு நாள் முழுக்க அந்தத் தண்ணியைக் குடித்திருந்தாள். அவளுக்கு ஒண்ணும் ஆகலை. அது அதிர்ஷ்டம். என் படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தப்பு எங்கே என்று அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். இந்த பாட்டிலுக்கு 30 முதல் 37 டிகிரி சூடு வேண்டும். டிசம்பர் ராத்திரியில் எங்க சமையலறையில் அதில் பாதிகூட இருக்காது. குளிரில் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். சமவெளியில் இருக்கும் எங்கள் காலேஜ் லேபில் மேசை மேல் வைத்தாலே கறுத்தது. ‘கரண்ட் வேண்டாம்’ என்று நாங்கள் கொடுத்த மார்க் உண்மையில் சமவெளி வெயில் வாங்கிய மார்க்.

திரும்பி வந்து அட்டவணையை மாற்றினோம். மலையில் இந்த பாட்டிலுக்கும் இன்குபேட்டர் செலவைச் சேர்த்தோம். லேப் முறைக்கு, மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும் நாட்களையும் சேர்த்தோம். பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ள மாவட்டத்தில், ஒவ்வொரு கிட்டின் குப்பையும் எங்கே போகும் என்று கேட்டோம். கறுத்த பாட்டிலில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி வைக்காமல் கொட்டக்கூடாது. கடைசியாக ஒரு புது காலம்: ‘தப்பான விடைக்கு யார் விலை கொடுப்பார்கள்?’

இது எங்க லைனோடு முடிகிற விஷயமும் இல்லை. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு ஃபீல்டு கிட் வைத்துத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தருகிறார்கள். மலை ஊரில் அந்தப் பயிற்சியோடு ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும் என்றுதான் எங்கள் ரிப்போர்ட்டை முடித்தோம்.

பொங்கலுக்குப் போனப்போ வேறு மாதிரி செய்து பார்த்தேன். அம்மா ஒதுக்கிப் போட்ட ஒரு ஹாட்பாக்ஸ், அதற்குள் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர். ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து தண்ணீரை மாற்றினேன். காலையிலேயே பாட்டில் கறுக்க ஆரம்பித்துவிட்டது. எஸ்டேட்டில் சொன்னோம், தொட்டியைக் கழுவி குளோரின் போட்டார்கள். உடனே மறுபடி பாட்டில் வைத்தேன்.

அக்கா மறுபடி எட்டிப் பார்த்தார். “இப்போ எப்படி தம்பி?”

“ரெண்டு நாள் கழிச்சு சொல்றேன்க்கா. கறுக்கலைன்னாலும் பாப்பாவுக்குக் காய்ச்சியே குடுங்க.”