அரைத்துக் கொட்டிய மலை

பங்காருபேட்டையிலிருந்து ஒரே நாளில் காரில் சுற்றிவிடலாம். பாறை, கல்வெட்டு, ஏரி எல்லாம் உண்டு. தகராறு ஒரு மேட்டைப் பற்றித்தான்.

புனேயில் இருக்கும் மைத்துனர் ஆடித் திருவிழாவுக்கு வருவதாகப் போன் செய்தார். கூடவே ஓர் உத்தரவு. "மாமா, ஒரு நாள் கார் எடுத்துக்கிட்டு சுத்தணும். ரூட்டு நீங்க போடுங்க. சயனைடு மலை மட்டும் கண்டிப்பா இருக்கணும். சின்ன வயசுல அங்க சறுக்கி விளையாடினேன்னு சொன்னா பசங்க நம்ப மாட்டேங்குதுங்க."

ரூட் போடுவது பெரிய காரியமில்லை. கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. பாலாறு இந்தப் பக்கம் ஓடுகிறது என்பது பெரும்பாலான வருஷங்களில் வதந்திதான். ஆனால் பாறைக்குப் பஞ்சமில்லை. யானை யானையாகக் கிடக்கும் குன்றுகள், நடுவில் ராகிக் கொல்லை, மாந்தோப்பு, செம்மண். வழியில் ததும்பும் ஏரிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவற்றில் பலவற்றுக்கு 2018 முதல் வந்து சேர்வது பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர்.

காலை 6 மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் கோலார். ஊருக்கு மேற்கே சதசிருங்க மலையில் அந்தரகங்கை. கல் நந்தியின் வாயிலிருந்து சுனைநீர் விழுகிறது. படி ஏறும்போது கையில் தின்பண்டம் வைத்திருந்தால் குரங்குக்குத்தான். கீழே இறங்கியதும் கோலாரம்மா கோயில். தமிழ் எம்.ஏ. படித்தவன் ரூட் போட்டால் இங்கே ஒரு மணி நேரம் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும். கன்னட ஊரின் நடுவில் ராஜேந்திர சோழன் காலத் தமிழ்க் கல்வெட்டுகள். அவற்றில் அம்மனின் பெயர் பிடாரியார், ஊரின் பெயர் குவளாலம். பவணந்தியை நன்னூல் எழுதச் சொன்ன சீயகங்கன் தன்னைக் குவளாலபுரத்துக்குப் பரமேசுவரன் என்று சொல்லிக்கொண்டவன். பரீட்சைக்கு நன்னூலை மனப்பாடம் செய்த நாளில் எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் சூத்திரங்கள் கொஞ்சம் சுலபமாக ஏறியிருக்குமோ என்னவோ.

அங்கிருந்து முல்பாகல் சாலையைப் பிடித்து, தெற்கே திரும்பினால் ஆவணி. சீதை லவகுசர்களைப் பெற்ற இடம் என்கிறார்கள். நுளம்பர் காலக் கோயில்களும், பின்னால் மொட்டைப் பாறையும் அழகு. பிறகு பேத்தமங்கலம். சுரங்கத்துக்கும் தொழிலாளர் லைன்களுக்கும் தண்ணீர் கொடுத்த ஏரி இதுதான். மாமியாருக்காகக் கம்மசந்திரத்துக் கோடிலிங்கத்தையும் சேர்த்தேன். ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டை எதிர்த்திசையில் இருப்பதால் லிஸ்டிலிருந்து போனது.

மிச்சம், தங்கவயலும் அந்த மலையும்.

மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வேலையைத் தொடங்கியதிலிருந்து, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டதுவரை, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்குத் தோண்டி எடுத்த பாறை. அதை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் சக்கையைக் கொட்டினார்கள். சுமார் 800 டன் தங்கம் வெளியே போனது. 13 மேடுகளாக 3.3 கோடி டன் சக்கை ஊரிலேயே தங்கியது. மழை அறுத்த பள்ளங்களோடு சாயங்கால வெயிலில் அது நிஜமாகவே பாலைவன மலைபோல இருக்கும். சினிமாக்காரர்கள் பல வருஷமாக வந்துபோகிறார்கள். 2018இல் வந்த 'கேஜிஎஃப்' படத்துக்கு இங்கேதான் செட் போட்டார்கள். அழகு என்பதை நான் மறுக்கமாட்டேன். என் முதல் திட்டத்தில் மாலை 5 மணிக்கு நேராக எழுதியிருந்ததும் அந்த மேடுதான்.

என் மனைவி அதை அடித்தார். அவர் சாம்பியன் ரீஃப் லைனில் பிறந்தவர்.

"ஆடியிலயா கூட்டிட்டுப் போறீங்க?" என்றார். ஆடிக் காற்று மேட்டை வாரிக்கொண்டு லைனுக்குள் வரும். கதவை அடைத்து, கீழே துணியைத் திணித்தாலும் தட்டில் சோற்றோடு மாவு விழும். போட்ட கோலம் எது, வந்த தூசி எது என்று தெரியாது. என் மாமனார் 27 வருஷம் பூமிக்கடியில் பாறையைத் துளைத்தவர். கடைசி ஆறு வருஷம் படுத்துத் தூங்கியதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருமுவார். டாக்டர்கள் அதற்குச் சொன்ன பெயர் சிலிகோசிஸ். "அப்பா உள்ள குடிச்ச தூசிய இவன் பிள்ளைங்களுக்கு வெளிய வச்சுக் குடுக்கப் போறானா? சறுக்கி விளையாடினப்போ எங்களுக்குத் தெரியாது. இப்போ தெரியுமில்ல?"

மைத்துனருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தச் சக்கையில் மிஞ்சிய தங்கத்தைத் திரும்ப எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் சம்மதம் கொடுத்தது. வேலை நடந்தால் மேடுகள் கரையும். "அப்புறம் எதைக் காட்டுறது மாமா? சுரங்கம் போச்சு, வேலை போச்சு. நாங்க இருந்தோம்னு சொல்ல அது ஒண்ணுதானே நிக்குது?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. அக்காவிடமும் இல்லை, ஆனால் அவர் அசையவில்லை.

இப்போதைய திட்டம் இது. பயணம் ஆடியில் இல்லை. மழை பெய்து மண் அடங்கிய ஐப்பசியில். மேட்டின் மீது ஏறுவதில்லை, சறுக்குவதில்லை. சாலையோரம் காரை நிறுத்திப் பத்து நிமிஷம் பார்க்கலாம். மாலை 5 மணிக்கு நேராக இப்போது இருப்பது சாம்பியன் ரீஃப் லைன். இருட்டிய பின் பங்காருபேட்டைக்குத் திரும்பி, கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீரில் பானிபூரி. அதில் குடும்பத்தில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

போனில் படித்துக் காட்டினேன். மைத்துனர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"லைன் வீடு இன்னும் இருக்கா மாமா?"

"இருக்கு. வேற குடும்பம் இருக்காங்க."

"அப்பா சாஞ்சு உக்காருற சுவரு?"

மனைவி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.