சொசைட்டி லோன் கட்டினால் சிபில் ஸ்கோர் ஏறுமா? நான் பட்டுத் தெரிந்துகொண்ட கதை

இந்த இழை கொஞ்சம் நீளம். கிரெடிட் கார்டு பாக்கியில் மாட்டிக்கொண்டு வெளியே சொல்ல முடியாமல் இருப்பவர்கள் பொறுமையாக கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் நைட் டியூட்டி. வார்டு கொஞ்சம் அடங்கிய நேரம். எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார்.

“சார், ஒண்ணு கேக்கணும். கார்டுல ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பாக்கி நிக்குது. அறுபதாயிரம் கட்டினா போதும், செட்டில்மென்ட் போட்டு முடிச்சிடலாம்னு போன்ல சொல்றாங்க. கட்டிடலாமா சார்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், 2021ல் இதே கேள்வி எனக்கு வந்தது. யாரிடமும் கேட்காமல் “சரி” என்று சொன்னவன் நான்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019ல் சாயங்கால நேரத்துக்கு ஒரு சின்ன கிளினிக் போட்டேன். வாடகை முன்பணம் சேமிப்பிலிருந்து போனது. மேசை, நாற்காலி, ஏசி, பரிசோதனைக் கட்டில் எல்லாம் கார்டில் தேய்த்தேன். மாசாமாசம் வரும் வருமானத்தில் அடைத்துவிடலாம் என்ற கணக்கு.

2020 மார்ச்சில் ஊரடங்கு. கிளினிக்கை மூடினேன். கோவிட் வார்டு, தனிமை, திரும்பக் கோவிட் வார்டு. அந்த நேரத்தில்தான் கடன் தவணைகளைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம். தள்ளிப்போடுவதுதான், தள்ளுபடி இல்லை. எம்.பி.பி.எஸ் படித்த எனக்கு இந்த ஒரு வார்த்தை வித்தியாசம் புரியவில்லை. செப்டம்பரில் பில்லைத் திறந்தால் வட்டியோடு சேர்த்து ரூ.1,15,000.

சரி, மினிமம் கட்டிக்கொண்டே போவோம் என்று நினைத்தேன். இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

பாக்கி ரூ.1,15,000. மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது ரூ.4,025. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் ரூ.725. ஆக மொத்தம் ரூ.4,750. மினிமம் தொகை 5 சதவீதம் என்றால் ரூ.5,750.

நான் ரூ.5,750 கட்டினால் அசலில் குறைவது வெறும் ஆயிரம் ரூபாய்! மீதி எல்லாம் வட்டிக்கும் வரிக்கும். அதில் புதிதாக ஏதாவது வாங்கினால், முழு பாக்கியைக் கட்டாத வரை அதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி.

இரண்டாவது அலை வந்த 2021 ஏப்ரலில் அதையும் கட்டுவதை நிறுத்திவிட்டேன். பணம் அறவே இல்லாமல் இல்லை. பில்லைத் திறந்து பார்க்கப் பயம். சர்க்கரை கூடியிருக்கும் என்று தெரிந்தே டெஸ்ட் எடுக்க வராத நோயாளிகளை எவ்வளவு திட்டியிருப்பேன்! நானும் அதையேதான் செய்தேன்.

நவம்பரில் பாக்கி ரூ.1,64,000. போன் மேல் போன். ஓபியில் நோயாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது போன் வரும். கடைசியில் “எழுபதாயிரம் கட்டுங்க சார், முடிச்சிடலாம்” என்றார்கள். கட்டினேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். வீட்டில் சொல்லவில்லை.

2023 பிப்ரவரி. மனைவிக்கு ரொம்பப் பிடித்த ஒரு வீடு. வீட்டுக்கடனுக்குப் போனோம். மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஸ்கோர் 612. கீழே அந்தக் கார்டுக்கு நேராக ‘செட்டில்டு’ என்று இருந்தது.

“இது என்னங்க?” என்று என் மனைவி கேட்டார். அந்த இடத்தில்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. வீடு போனதைவிட அந்த ஒரு கேள்விதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

‘செட்டில்டு’ என்றால் கடன் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். அடுத்து கடன் கொடுக்க வருபவர் அதை எப்படிப் படிப்பார் தெரியுமா? “இவர் முழுதாகக் கட்டவில்லை. மிச்சத்தை வங்கி விட்டுக்கொடுத்திருக்கிறது.” முழுதாகக் கட்டி முடித்தால் வர வேண்டிய வார்த்தை ‘க்ளோஸ்டு’. இரண்டும் ஒன்றல்ல.

அதற்குப் பிறகு நான் செய்தது அடுத்த தப்பு. பதறிப்போய் ஒரே வாரத்தில் நான்கு இடங்களில் கார்டுக்கும் லோனுக்கும் விண்ணப்பித்தேன். ஒவ்வொன்றும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவானது. இந்த ஆள் பணத்துக்கு அலைகிறார் என்று காட்டிக்கொடுப்பது போல. ஸ்கோர் இன்னும் இறங்கியது. (நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. அந்தப் பயம் வேண்டாம்.)

அப்போது அமெரிக்காவில் இருக்கும் என் பேட்ச்மேட் ஒரு யோசனை சொன்னான். அங்கே போனபோது அவனுக்குக் கடன் வரலாறே கிடையாது. கிரெடிட் யூனியனில் உறுப்பினராகச் சேர்ந்து, கொஞ்சம் பணத்தை டெபாசிட்டாகப் போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கி ஸ்கோரை வளர்த்திருக்கிறான். கிரெடிட் யூனியன் என்பது உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கூட்டுறவு அமைப்பு. மத்திய அரசிடம் உரிமம் பெற்ற யூனியன்களில் வட்டிக்கு 18 சதவீதம் என்று வரம்பே இருக்கிறது. “நம்ம ஊர்லயும் ஸ்டாஃப் சொசைட்டி இருக்குமேடா, அதுல ஆரம்பி” என்றான்.

நியாயமாகத்தான் பட்டது. நம் அரசு ஊழியர்களுக்கு கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறது. மாதாமாதம் சிக்கன சேமிப்பு பிடிப்பார்கள். பங்குத் தொகை உண்டு. கடன் கேட்டால் சக ஊழியர்கள் இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். வட்டி, கார்டு வட்டிக்குப் பக்கத்திலேயே வராது. தவணை சம்பளத்திலேயே பிடித்தம்.

2023 மார்ச்சில் ஒரு லட்சம் எடுத்தேன். பணத்தைத் தொடாமல் வீட்டு முன்பணத்துக்கு என்று வங்கியில் வைத்தேன். பத்து மாதத் தவணை ஒரு நாள்கூடத் தப்பவில்லை. இப்போது ஸ்கோர் ஏறியிருக்கும் என்று 2024 ஜனவரியில் ஆசையாக அறிக்கையை எடுத்துப் பார்த்தேன்.

அந்தக் கடனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

காரணம் எளிது. சிபில் போன்ற நிறுவனங்கள் 2005ல் வந்த கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அவற்றுக்குத் தகவல் தருவது வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், நிதி நிறுவனங்கள், கார்டு நிறுவனங்கள் போன்றவை. எங்கள் சொசைட்டி வங்கி அல்ல. நான் ஒழுங்காகக் கட்டியது சொசைட்டி லெட்ஜருக்குத் தெரியும், என் சம்பள பில்லுக்குத் தெரியும். சிபிலுக்குத் தெரியாது. தெருமுனை அடகுக்கடையில் நகையை வைத்து ஒழுங்காக மீட்பதும் இப்படித்தான். ஆனால் வங்கியில் வைக்கும் நகைக்கடன் அறிக்கையில் ஏறும்.

நண்பன் சொன்ன மருந்து அவன் ஊரில் சரி. இங்கே அதே மாதிரி லேபிள், உள்ளே வேறு மருந்து.

அப்படியானால் சொசைட்டி லோன் வீணா? இல்லவே இல்லை. அதன் வேலை வேறு. அது புண்ணை ஆற்ற. ஸ்கோரை வளர்க்க வேறு ஒன்று வேண்டும். நான் செய்தது இதுதான்.

1. முதலில் நான்கு அறிக்கைகளையும் எடுத்தேன். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தப்பான பதிவு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

2. பழைய கார்டு வங்கிக்கு எழுத்தில் கேட்டேன்: விட்டுக்கொடுத்த ரூ.94,000ஐ இப்போது கட்டினால் ‘க்ளோஸ்டு’ என்று மாற்றுவீர்களா? “ஆம்” என்று எழுத்தில் பதில் வந்த பிறகே கட்டினேன். சொசைட்டி பணம் அதற்குத்தான் போனது. பாக்கி இல்லை என்ற கடிதமும் வாங்கினேன். போனில் சொல்வதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

3. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் ரூ.25,000க்கு ஒரு எஃப்டி போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கினேன். லிமிட் ரூ.20,000. நம் டெபாசிட்டே ஈடாக இருப்பதால் ஸ்கோர் குறைவு என்று தட்டிக்கழிக்கவில்லை. எஃப்டிக்கு வட்டியும் வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்த்தவை: ஆண்டுக் கட்டணம் உண்டா? என் பேரில் கார்டு கணக்காகவே நான்கு நிறுவனங்களுக்கும் தகவல் போகுமா? முழு பில்லையும் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் வசதி உண்டா? இவ்வளவுதான். சினிமா டிக்கெட் சலுகை, ஏர்போர்ட் லவுஞ்ச், பரிசுப் புள்ளி எதையும் பார்க்கவில்லை. கால் உடைந்தவன் முதலில் ஊன்றுகோல் வாங்க வேண்டும், ஓட்டப்பந்தய ஷூ இல்லை.

4. அந்தக் கார்டில் பெட்ரோலும் மொபைல் ரீசார்ஜும் மட்டும். மாதம் ரூ.4,000 தாண்டவில்லை. லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது. முழு பில்லும் ஆட்டோ டெபிட். மினிமம் இல்லை, முழுசு. கார்டில் ஏடிஎம் பணம் எடுக்கவே இல்லை. எடுத்தால் அன்றே வட்டி ஆரம்பம்.

5. வேறு எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. ‘உங்களுக்கு முன்கூட்டியே அனுமதி’ என்று வந்த மெசேஜ்களை அழித்தேன்.

ஒரு எச்சரிக்கை. எஃப்டி இருக்கிறதே, கட்டாவிட்டால் அதில் எடுத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். பணத்தையும் எடுப்பார்கள், தாமதத்தையும் பதிவு செய்வார்கள். அறிக்கையில் மாதவாரியாக எத்தனை நாள் தாமதம் என்று 36 மாதக் கட்டங்கள் இருக்கும். அதில் வரிசையாகப் பூஜ்யங்களை நிரப்புவதுதான் நம் வேலை.

சிலர் டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பட்டினி கிடந்து வருவார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக இருக்கும். மூன்று மாதச் சராசரி காட்டிக்கொடுத்துவிடும். ஸ்கோரும் அந்த மாதிரிதான். ஒரே மாதத்தில் பெரிய தொகை கட்டி ஏமாற்ற முடியாது. நீங்கள் நல்லவரா, டாக்டரா, எவ்வளவு சம்பளம் என்றெல்லாம் அது பார்க்காது. சொன்ன தேதியில் கட்டினீர்களா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும். அதனால்தான் காசு கொடுத்தால் ஒரே மாதத்தில் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் போகவே போகாதீர்கள்.

2025 ஆகஸ்டில் என் ஸ்கோர் 741. வீட்டுக்கடன் கிடைத்தது. ஆனால் மனைவிக்குப் பிடித்த அந்த வீடு எப்போதோ விற்றுப்போய்விட்டது. வேறு வீட்டில் இருக்கிறோம். இப்போது கார்டு பில் இரண்டு பேர் மெயிலுக்கும் வருகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செட்டில்மென்ட் பாவம் இல்லை. வேலை போய், நோய் வந்து, உண்மையிலேயே வழியே இல்லை என்றால், கந்துவட்டிக்கு வாங்கி கார்டைக் கட்டுவதைவிட செட்டில்மென்ட் மேல். பிறகு மெதுவாக மீளலாம், நான் மீண்டிருக்கிறேன். வழி இருந்தும் பயத்தில் அதற்குப் போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வசூல் போன்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வரக்கூடாது. மிரட்டினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

சரி, அந்த நர்ஸ் என்ன செய்தார்?

அன்று இரவே இரண்டு பேரும் உட்கார்ந்து அவர் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். இரண்டு மாதம்தான் தாமதம். இன்னும் கெட்டுப்போகவில்லை. கணக்குப் போட்டதில், சொசைட்டி லோன் எடுத்து முழுதாக அடைத்தால் மாதத் தவணை அவர் சம்பளத்துக்குத் தாங்கும் என்று தெரிந்தது. “முதல்ல வீட்டுல சொல்லுங்க சிஸ்டர்” என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள், “சொல்லிட்டேன் சார். திட்டினாரு. அப்புறம் அவரே சொசைட்டி ஃபாரம் வாங்கிட்டு வந்துட்டாரு” என்றார்.

நேற்று அந்த ஃபாரத்தில் ஜாமீன்தாரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டாவிட்டால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள், தெரிந்துதான் போட்டேன். 2023ல் எனக்கும் இரண்டு பேர் போட்டார்கள். ஒருவர் எங்கள் ஃபார்மசிஸ்ட், இன்னொருவர் எக்ஸ்ரே டெக்னீஷியன். என் ஸ்கோர் அவர்களுக்குத் தெரியாது. “எதுக்கு சார் லோன்?” என்றுகூட அவர்கள் கேட்கவில்லை.