மெஷினுக்கு வரும் முன்பே

கோவை கணபதியில் லேத் சத்தம் கேட்காத சந்து குறைவு. பம்புகள் பெரிய கம்பெனிகளின் பெயரில் கடைக்குப் போனாலும், அவற்றின் உறுப்புகள் பலவும் இதுபோன்ற சிறு பட்டறைகளில்தான் ஜாப் ஆர்டரில் கடையப்படுகின்றன. நான் போன பட்டறையில் அன்று பம்ப் கேசிங் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பல் வார்ப்பிரும்பு, வெளி ஃபவுண்டரியிலிருந்து வாங்கியது.

ஆப்பரேட்டர் பல வருட அனுபவக்காரர். காஸ்டிங்கைச் சக்கில் பிடித்து டூலைக் கொடுத்தார். தூளாக உதிர வேண்டிய இரும்பு கிறீச்சிட்டது. மெஷினை நிறுத்திப் பார்த்தால், கார்பைடு இன்சர்ட்டின் முனை சிதறியிருந்தது.

"ஓரமெல்லாம் ஹார்டா இருக்குதுங்க. வேகத்தக் கொறச்சுத்தான் ஓட்டோணும்" என்றார்.

காரணம் ஃபவுண்டரியில் இருக்கிறது. உருகிய இரும்பு மெல்லிய ஓரங்களில் சட்டென்று குளிர்ந்தால், அதிலுள்ள கரி கிராஃபைட்டாகப் பிரியாமல் இரும்போடு சேர்ந்து கடினமான கார்பைடாகிவிடும். ஊற்றும் முன் சேர்க்கும் ஃபெர்ரோ சிலிக்கானைக் குறைத்தாலும் இந்த ஆபத்து கூடும். அங்கே மிச்சப்படுத்திய சில ரூபாய், இங்கே மணிக்கணக்காகக் கரைகிறது. காற்றுக்குமிழி ஓட்டை இன்னும் மோசம். பல சமயம் கடைசி போரிங்கில்தான் கண்ணில் படும். அதுவரை போட்ட உழைப்பு அத்தனையும் ஸ்கிராப்.

நல்ல பொருள் வந்தால் அதே கை எவ்வளவு செய்யும் என்பதற்குப் பழைய சாட்சி உண்டு. 1900 பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல், டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கிய ஹைஸ்பீடு ஸ்டீல் டூலை ஓட்டிக் காட்டியது. முனை சிவக்கச் சூடேறியும் மழுங்காமல் வெட்டியது. வெட்டும் வேகம் பல மடங்கானது. லேத்தில் நின்றவர் புதிதாக எதையும் கற்றுவிடவில்லை. கையிலிருந்த டூல் மாறியிருந்தது.

உற்பத்தித்திறனை அளப்பதிலும் வாங்கும் பொருள் விளையாடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பார்ட்டியே காஸ்டிங் கொடுத்தால், கேசிங்குக்கு 100 ரூபாய் கடைசல் கூலி. நாளுக்கு 40 கேசிங் என்றால் வரவு 4,000. அதே காஸ்டிங்கைப் பட்டறையே 400 ரூபாய்க்கு வாங்கிக் கடைந்து 500க்கு விற்றால் வரவு 20,000. ஆள்வீத விற்றுவரவு ஐந்து மடங்கு. ஆனால் யாருடைய கையும் வேகமாக ஓடவில்லை. வாங்கிய பொருளின் விலையைக் கழித்தால் அதே 4,000தான் நிற்கும். மத்திய அரசின் ஆண்டுத் தொழில் ஆய்வு உள்ளீடுகளைக் கழித்து மதிப்புக் கூட்டலைத் தனியாகக் காட்டுவது இதனால்தான்.

இந்தப் பட்டறையில் கூலி பீஸ் கணக்கு. இன்சர்ட் மாற்றிய நேரம், வேகம் குறைத்து ஓட்டிய நேரம் எல்லாம் ஆப்பரேட்டரின் வாரச் சம்பளத்தில்தான் விழுகின்றன. ஓட்டைக் காஸ்டிங்குக்கு ஃபவுண்டரி மாற்றுக் கொடுக்கிறது. அதில் போன உழைப்புக்கு ஒன்றும் தருவதில்லை. கிலோ விலை பேசும்போதே இந்த நேர இழப்பையும் பேசி, காஸ்டிங் பில்லில் பிடித்து, மெஷினில் நின்றவருக்குக் கொடுக்க வேண்டும்.